கடைசி அறையில் கிடந்த வட்டத் துண்டு

என் பெயர் மீனம்மாள், வயது 47, கணவர் பெயர் அழகு. கறம்பக்குடியில் குடியிருந்துகொண்டு, கடைவீதியில் உள்ள தனியார் கட்டணக் கழிப்பறையில் ஆறு வருடமாக வேலை பார்த்து வருகிறேன்.

மூன்று மாதமாகச் செவ்வாய்தோறும் தோள்பையுடன் ஒருவர் வந்து, கடைசி அறையில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். அதன் பிறகு நான் கழுவப் போனால், தோல் நிறத்தில், ஒரு பக்கம் பிசுபிசுப்பாக, நாணய அளவில் வட்டத் துண்டு ஒன்று தரையில் கிடக்கும். மோந்து பார்த்தேன், தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்தேன், விளங்கவில்லை. அந்த ஆளிடமே கேட்கக் கூசி, பக்கத்து ஜூஸ் கடை கணபதியிடம் காட்டினேன். அவர் அது போதை மருந்துப் பட்டை என்றார்.

சென்ற செவ்வாயன்று அந்த நபர் உள்ளே போனதும், நான் தடுத்தும் கேளாமல் கணபதி கதவை உதைத்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. உள்ளே அவர் சட்டை நுனியைப் பல்லில் கவ்வியபடி, மடியில் கத்தரிக்கோலுடன் இருந்தார். வயிற்றில் சிவப்பாகச் சதை தெரிந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. அவர், "கதவைச் சாத்துங்க. பத்து நிமிசத்துல நானே வாரேன்" என்றார். நான் கதவை இழுத்துச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன். கணபதி என்னைத் தள்ளியதில் வலது மணிக்கட்டு வீங்கியது.

அதன் பிறகு வெளியே வந்தவர், தன் பெயர் சவரிநாதன், ஊர் ஆவூர், தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர் என்றும், குடலில் ஆபரேஷன் ஆகி வயிறு வழியாகவே மலம் வருகிறது என்றும், மலம் சேரும் பையை வயிற்றில் ஒட்டும் பட்டையில் ஓட்டை வெட்டும்போது விழுவதே அந்தத் துண்டு என்றும் சொன்னார். "வலிக்குமாங்க?" என்று கேட்டேன். "அந்தச் சதையைத் தொட்டாலும் தெரியாதுங்க. பை ஒழுகுனா சுத்தித் தோலுதான் எரியும். சாமானை வைக்க ஒரு பலகை இல்லாம, மடியிலயே வச்சு வெட்டுறேன்" என்றார்.

தாழ்ப்பாள் முன்பே உடைந்திருந்தது என்று விசாரணையில் சொல்லும்படி கணபதி இரண்டு முறை வந்து கேட்டார். நான் மறுத்துவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் அறை, விளக்குமாறும் பினாயில் கேனும் அடைத்துப் பூட்டிக் கிடந்தது. அதைக் காலி செய்து, பலகையும் கொக்கியும் அடித்து, ஒரு குப்பைக்கூடை வைத்தேன். இன்று காலை சவரிநாதன் அதில் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தார். "இனிமே பஸ் ஏறுற அன்னைக்கும் சாப்பிட்டுட்டு வரலாம்ங்க" என்றார். பை நிறைந்துவிடக் கூடாதென்று இத்தனை வாரமும் அவர் பட்டினியாக வந்து போனது அதுவரை எனக்குத் தெரியாது.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உண்மையாக எழுதப்பட்டுள்ளது. வலது கை வீக்கத்தால் இடது கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. மீனம்மாள்