பெரட்டு எடுக்கும் பெட்டி

— மங்கம்மாக்கா, இதைத் தூக்கிட்டுப் போயிருங்க. நான் வாங்க மாட்டேன்.

— மரவள்ளிக்கிழங்குதானே தம்பி. காலையிலதான் புடுங்குனேன், மண்ணுகூடப் போகல. மம்பாவ் வரைக்கும் பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்திருக்கேன். திருப்பிக் கொண்டுபோனா எங்க வூட்டுக்காரரு திட்டுவாரு.

— அர்ச்சுனண்ணே எப்படி இருக்காரு?

— நேத்து வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. மூணு வாரம் கழிச்சு காக்கிச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டாரு. சப்ஸ்டேசன் கோட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்ன கடிதாசும் ரத்து. பாத்திரமெல்லாம் மூட்டை கட்டிட்டேன், இப்ப ஒவ்வொண்ணா அவுக்குறேன். எல்லாம் சந்திரன் தம்பி புண்ணியம்.

— புண்ணியம் என்னக்கா. பெட்டியில இருந்ததைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன், அவ்ளோதான் லா.

— அது என்ன பெட்டி? அவரு சொன்னாரு, எனக்கு மண்டையில ஏறல.

— கம்யூனிகேசன் புரோசசர். ரெண்டு மாசம் முன்னதான் மாட்டுனோம். லைன்ல கோளாறு வந்தா கரண்டை வெட்டுறதுக்கு ரிலே இருக்கில்ல, அங்க பன்னெண்டு இருக்கு. ஒவ்வொண்ணுகிட்டயும் இந்தப் பெட்டி ஓயாம கேக்கும். இருக்கியா, என்ன பாத்தே, எத்தனை மணிக்கு. ஏதாச்சும் மாறுனா நேரத்தோட எழுதி வச்சுக்கும்.

— காலையில எங்க தோட்டத்துப் பெரட்டுல பேரு கூப்பிடுற மண்டோர் மாதிரி.

— ஆமா. இது நாள் பூரா பெரட்டு.

— எங்க மண்டோரு, ஒரு கோழி குடுத்தா வராதவளுக்கும் பேரு போடுவாரு.

— இதுக்குக் கோழி குடுக்க முடியாதுக்கா.

— அதான் நாங்க தப்பிச்சோம். ரப்பர்பால் பேக்டரி டிரான்ஸ்பார்மர் எரிஞ்சதுக்கு, எச்சரிக்கை மணிச் சத்தம் தாங்காம இவருதான் ரிலேயை வேலை செய்யாம அடைச்சு வச்சாருன்னு எஞ்சினியரு எழுதிட்டாரே. பெட்டி என்னதான் சொல்லுச்சு?

— ரிலேயை அடைச்சது எரியறதுக்கு முதநாளு, புதன்கிழமை, காலையில பதினொண்ணு இருபதுக்கு. அப்ப அண்ணே வேலையிலயே இல்ல. வியாழக்கிழமை கோளாறு வந்தப்ப ரிலே வெட்டல. அண்ணேதான் ஓடிப்போய் கையால வெட்டுனாரு. ஒம்போது செகண்டு. இல்லாட்டி ஸ்டேசனே போயிருக்கும்.

— ஒம்போது செகண்டு. அதைத் தோட்டத்து லயம் பூரா சொல்லிட்டேன்.

— அக்கா, அந்தப் பெட்டி ஐநூறு வரிதான் புடிக்கும். புதுசு வர வர பழசு அழிஞ்சுரும்.

— அழியறதுக்குள்ள எடுத்துட்டீங்களே.

— உடனே எடுக்கல. மூணு வாரம் சும்மா இருந்தேன். இன்னும் நாப்பது வரி வந்திருந்தா புதன்கிழமை வரியே இருந்திருக்காது. அழியட்டும்னுதான் இருந்தேன்.

— உங்க டீ ஆறுது தம்பி. குடிங்க.

— கேளுங்கக்கா. புதன்கிழமை டெஸ்ட் பண்ண வந்தவன் ரிலேயை அடைச்சான். முடிச்சதும் தொறக்கணும். வெளிய லோரிக்காரன் ஹார்ன் அடிச்சான், சாப்பாட்டுக்கு. அப்படியே போயிட்டான். அது நான்தான். பிரிண்ட்ல என் பாஸ்வேர்டு போட்டது பதிவாயிருக்கு. உங்களை மூட்டை கட்ட வச்சதே நான்தான்.

— தெரியும்.

— ஆப்பீசுல சொன்னாங்களா?

— அதுக்கு முன்னயே. பகல் சிப்டு முருகையா எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிட்டாரு, புதன்கிழமை நீங்க வந்து போனதை. எரிஞ்ச மறுநாளே இவருக்குத் தெரியும்.

— விசாரணையில அண்ணே என் பேரையே எடுக்கலையே.

— சொல்லச் சொல்லி நான் கெஞ்சிப் பாத்தேன். ‘நான் சொன்னா பழியை அடுத்தவன் மேல தள்ளி விடுறேன்பாங்க. அவன் சொன்னாத்தான் நிக்கும். சொல்லுவான்’னாரு. நான் நம்பல. தெனம் உங்களைத் திட்டுனேன் தம்பி, வாயில வந்தபடி. இப்ப முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு.

— திட்டுனதுல தப்பில்லக்கா. கடைசி நாள் வரைக்கும் நான்…

— வந்துட்டீங்கல்ல.

— திங்கக்கிழமை என்னை விசாரிக்கிறாங்க. வேலை இருக்குமான்னு தெரியல.

— அதைக் கேட்டுட்டு வரத்தான் அனுப்புனாரு. எத்தனை மணிக்கு? அவரு திங்கக்கிழமைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டாரு, உங்க பக்கம் பேச.