ஒரு முறை சிமிட்டினால் சரி

ஹைதராபாத், நாச்சாரத்தில் வண்டி நிற்கிறது. காலை 9.40. முன்னால் ஒரு டேங்கர் லாரி. அதற்கும் முன்னால் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். சைரன் அலறுகிறது. யாரும் நகரவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தொங்கக் கத்துகிறார். "ஜருகண்டி! ஹடோ பாய், ஹடோ!"

உள்ளே விஜயா. என் மனைவி. ஐம்பது வயது. முந்தாநாள் கால் விரல் மரத்துப்போனது. நேற்று முழங்கால். இன்று காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. இப்போது மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எழும்பி இறங்குகிறது. எண்ணுகிறேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. மௌலா அலி ரயில்வே ஷெட்டில் முப்பது வருஷம் என்ஜின் பார்த்தவன் நான். சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். இந்தச் சத்தம் பிடிபடவில்லை.

9.52. லாரி நகர்ந்தது. ஹப்சிகுடா ஆஸ்பத்திரி வாசலில் அவள் கேட்டாள்: "கேஸ ஆஃப் பண்ணீங்களா?" பண்ணினேன் என்றேன். பண்ணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்து உள்ளே போய் அணைத்தார். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. 10.20-க்கு வாயில் குழாய் போட்டார்கள்.

ஜிபிஎஸ் என்றார் டாக்டர். வழி காட்டுமே, அந்த ஜிபிஎஸ்ஸா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. உடம்பைக் காக்கிற படையே திரும்பி நரம்புகளைத் தாக்குகிற நோய் என்று விளக்கினார். ஐந்து நாள் மருந்து ஏறும். அப்புறம் காத்திருக்க வேண்டும். நரம்பு திரும்பி வரும்வரை நுரையீரல் தாங்கினால் பிழைப்பாள். புத்திக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். அசையத்தான் முடியாது.

மூன்றாம் நாள் முகமும் போயிற்று. இமை மட்டும் மிச்சம். ஒரு முறை சிமிட்டினால் சரி. இரண்டு முறை என்றால் வேண்டாம். மலையாளி நர்ஸ் ஒருத்தி ஏற்பாடு செய்து கொடுத்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, ஒரு ஜோக் சொல்லட்டுமா. இரண்டு முறை சிமிட்டினாள். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு உறுதியானது.

பார்க்க விடுவது காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம். மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம். ஒரே ஆள். மீதி நேரமெல்லாம் ஐசியுவுக்கு வெளியே ஹாலில். இரும்பு நாற்காலிகள். ஒன்பது குடும்பங்கள். சுவரில் ஒரு மைக் பெட்டி. முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இரைச்சல், இரண்டு விநாடி. பிறகு குரல். "பெட் நம்பர்..." அந்த இரண்டு விநாடியில் ஹாலில் யாரும் மூச்சு விடுவதில்லை. சாப்பிடுகிறவர்கள் மெல்லுவதில்லை. வேறு நம்பர் என்றால் எல்லோரும் மறுபடி மெல்லத் தொடங்குவோம். நானும் மென்றேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒன்றுமே இல்லை.

விஜயா நாலாம் பெட். ஆறாம் பெட்டுக்கு யாதம்மா. கட்கேசர் பக்கம் காய்கறி விற்கிறவர். புருஷன் மரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. என்னை அன்னா என்று கூப்பிடுவார். நான் சொன்ன ஜோக்குகளுக்கு அந்த ஹாலில் சிரித்த ஒரே மனுஷி. மரியாதைக்குத்தான்.

எட்டாம் நாள். காய்ச்சல் 102. நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. வாய்க் குழாய் இனி ஆகாது, கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு தர வேண்டும், இரண்டு நாளுக்கு மேல் தள்ளினால் கையை விட்டுப் போய்விடும் என்றார் டாக்டர். கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார். விஜயாவைக் கேட்டேன். இரண்டு சிமிட்டல். மறுபடி கேட்டேன். இரண்டு. ஏன் வேண்டாம்? இமைக்கு 'ஏன்' சொல்லத் தெரியாது.

காலண்டர் தாளின் பின்பக்கம், மார்க்கர் பேனாவால், அ முதல் ன வரை எழுதினேன். முத்து முத்தாக. எழுத்தைத் தொட்டுக் காட்டினால் அவள் சிமிட்டுவாள், வார்த்தை சேரும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை. அ தொட்டேன். இரண்டு சிமிட்டல். ஆ. இரண்டு. தாள் தெரியுதா? ஒன்று. படிக்க முடியுதா? இரண்டு.

படிக்க முடியவில்லை. வெளியே வந்து சின்ன டாக்டரிடம் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றேன். தலையை ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். வெண்டிலேட்டரோடு கீழ்த்தளத்துக்கு இறக்க வேண்டும். வழியில் எதுவும் நடக்கலாம், அதற்கும் ஒரு கையெழுத்து. மகள் ரம்யாவுக்கு போன் செய்தேன். அவள் காய்ச்சலோடு வீட்டில் கிடக்கிறாள், ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். என்னை நான்னா என்பாள், பேச்சில் பாதி தெலுங்கு.

"நான்னா, ஆர் யூ சீரியஸ்? அம்மாக்கு தமிழ் படிக்க ராது கதா."

வராதுதான். விஜயா லாலாகுடாவில் பிறந்த ரயில்வே வீட்டுப் பெண். பேச்சு தமிழ், படிப்பு முழுக்கத் தெலுங்கு. தெலுங்கு மீடியம் டீச்சர். நான் ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவன். தெலுங்கு பேசுவேன், ஓரெழுத்து தெரியாது. பஸ் போர்டை அவள் படிப்பாள், ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை நான் படிப்பேன். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் குடும்பம் நடந்தது. மறந்துபோனேன். ஸ்கேன் எடுக்க வேண்டியது என் தலையை என்று போய்ச் சொன்னேன். நிறுத்தினார்கள். ஸ்ட்ரெச்சர் வந்து நின்றிருந்தது.

எதிர்க் கடையில் குழந்தைகளுக்கான தெலுங்கு எழுத்து அட்டை வாங்கினேன். மாலை ஐந்து. ஒவ்வொன்றாகத் தொட்டேன். சிமிட்டின எழுத்தை அப்படியே பார்த்து வரைந்துகொண்டேன். ஜிலேபி பிழிகிற மாதிரி இருந்தது. நான்கு எழுத்து. "டைம் அயிபோயிந்தி! பைட்டகி ரண்டி!" நேரம் முடிந்தது, வெளியே வா என்று செக்யூரிட்டி கத்துகிறார். பத்தாம் நாள் காலை இன்னும் ஆறு.

ரம்யாவை அழைத்தேன். எடுக்கவில்லை. மாத்திரை போட்டுத் தூங்கியிருப்பாள். தாளை யாதம்மாவிடம் நீட்டினேன். ஐந்தாவது வரை படித்தவர். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவருக்கு எழுத்து தெரிகிறது, அர்த்தம் தெரியவில்லை. எனக்கு எழுத்து தெரியவில்லை.

"கு... ர... ல்," என்றார். "போ... கு... மா." நிமிர்ந்தார். "இதேம் மாட்ட அன்னா?" இது என்ன வார்த்தை என்கிறார்.

குரல் போகுமா. தெலுங்கு எழுத்தில் தமிழ்.

தெலுங்கில் சொன்னேன். கொந்து போதுந்தா என்று கேட்கிறாள். யாதம்மா தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். போய் டாக்டரைக் கேள் என்றார்.

வீட்டில் வேலை செய்தது அந்தக் குரல்தான். நான் வெறும் இரைச்சல். மூன்றாம் வகுப்பு ஐம்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் உட்காரவைத்த குரல். டாக்டரைக் கேட்டேன். துளையை மூடிய பிறகு அநேகமாகத் திரும்பும், சத்தியம் பண்ண மாட்டேன் என்றார்.

மாலை 5.02. ஒரு ஜோக்கோடு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். வரவில்லை.

"போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன் விஜயா. அநேகமா திரும்பி வரும்னாரு. துளை போடலன்னா நீ வர மாட்ட. போடட்டுமா?"

என்னையே பார்த்தாள். மானிட்டர் அடிக்கிறது. ஒரு சிமிட்டல். இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். பதினொரு 'பீப்' எண்ணினேன். இமை திறந்தே இருந்தது.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் 1.15. விஜயாவுக்குத் துளை போட்டு மறுநாள். காய்ச்சல் இறங்கி 99. யாதம்மா எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். பாதியை என்னிடம் தள்ளுகிறார். 'டக்.' இரைச்சல். "பெட் நம்பர் ஆறு." அவர் எழுந்து ஓடினார். செருப்பு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. திரும்பி வந்தபோது செருப்பை எடுத்துக் காலருகில் வைத்தேன். மாட்டிக்கொண்டு போனார்.

விஜயா முப்பத்திநான்காம் நாள் சொந்தமாக மூச்சு விட்டாள். ஐம்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அந்த ஹாலில் உட்கார்ந்தவர்கள் மறுபடி சந்திப்பதில்லை. எதிரே பார்த்தாலும் கடந்து போய்விடுகிறோம். அதனால் யாராவது எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. இழந்தவை இவை. விஜயாவின் எடை, பத்தொன்பது கிலோ. இடது கையில் இரண்டு விரல்களின் உணர்ச்சி. வேலை, எட்டு வருஷம் பாக்கி இருந்தது. குரல் திரும்பியது, பாதி. சமையலறையிலிருந்து ஹாலுக்கு எட்டாது. நான் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். ஒன்பது குடும்பங்களில் நான்கு பேர் போனார்கள். இரண்டாம் பெட், கல்லூரிப் பெண், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஏழாம் பெட், சைனிக்புரி ரிட்டயர்டு சுபேதார். ஒன்பதாம் பெட், பிரசவத்துக்கு வந்தவள், குழந்தை இருக்கிறது. ஆறாம் பெட், யாதம்மாவின் புருஷன். பன்னிரண்டு நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவில்லை.