சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதிய பூர்மாகான் அக்காவுக்கு

ஆல்மாகெச்சு நகர வெப்ப நிலையத்தின் கணினி அறையைக் கட்டிக்காத்த காவலரணே! சர்வர்களின் சளி இருமல்வரை அறிந்த சமர்த்தே! வளையச் சொன்னவர் முன் வளையாத வைரநெஞ்சே! எங்கள் பூர்மாகான் அக்கா அவர்களே! வணக்கம்.

"ஒழுக்கம், உழைப்புன்னு நாலு வரி வாசிச்சுட்டு உக்காருங்கப்பா. அந்தக் குளிர்கால விவகாரத்தை மட்டும் கிளறாதீங்க" என்பது உங்கள் ஓய்வு விழாவுக்காக எங்களுக்கு இடப்பட்ட உத்தரவு. இட்ட இயக்குநர் அவர்கள் இதோ முதல் வரிசையில் போர்சோக் என்னும் பொரித்த மாவுத்துண்டைத் தேனில் தோய்த்துக்கொண்டிருக்கிறார். நன்றாகத் தோய்க்கட்டும். நாங்கள் கிளறத்தான் போகிறோம்.

இந்த நிலையத்தில் உத்தரவென்றால் தொலைபேசியில் வரும் ஒரு குரல். "வால்வைக் குறை" என்று அது சொல்லும். குறைத்தபின் விபரீதம் நேர்ந்தால் குரல் ஊமையாகிவிடும், குறைத்த கை மாட்டிக்கொள்ளும். அந்த அநியாயத்துக்கு அணை போட்ட அறிவே! சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நிகழ்வுப் பதிவு, மனிதக் கை நுழையாதபடி பூட்டப்பட்டது. அதில் எங்கள் சொல்லும் ஏறும்படி, முறையாக அனுமதி வாங்கி, ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதினீர்கள். இன்ன உத்தரவு, இன்னார் சொன்னார் என்று வேலையில் இருப்பவர் தட்டினால் போதும். உள்ளே போன வரியை எழுதியவரே நினைத்தாலும் திருத்த முடியாது.

சென்ற ஜனவரி உறைபனியில், எரிபொருளை மிச்சம் பிடிக்க, வடக்குக் குடியிருப்பு வீடுகளைச் சூடாக்கும் சுடுநீரைக் குறைக்கச் சொல்லி இயக்குநரின் குரல் வந்தது. குழாய்கள் உறைந்து வெடித்தன. பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் தூங்கினார்கள். வால்வைத் திருப்பிய சோவெத்பெக், பாவி மனிதர், பதற்றத்தில் அந்த உத்தரவைத் தட்டவே மறந்துபோயிருந்தார். மேலிடத்தில் சும்மா இருப்பார்களா? பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. வேலை மட்டுமல்ல, சிறையும் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் இயக்குநர் உங்கள் அறைக்கு வந்தார். "ஏம்மா பூர்மாகான், உன் ஸ்கிரிப்டுதான் உள்ளே எழுதுமே. அவனாத்தான் திருப்பினான்னு பழைய தேதி போட்டு ஒரு வரி ஏத்திடு."

"தேதியை சர்வர்தாங்க போடும், நான் போட முடியாது. அப்புறம், என் ஸ்கிரிப்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். சொன்னவர் பேர் இல்லாம ஒரு வரியையும் ஏத்தாது. உங்க பேரைப் போடட்டுமா?" என்றீர்கள்.

போட்டும்விட்டீர்கள், அவர் கண்ணெதிரிலேயே! 'சோவெத்பெக் மீது பொய்ப்பழி எழுதச் சொன்னவர் இயக்குநர். மறுத்தவள் பூர்மாகான்.' விசாரணைக் குழு அந்த வரியைப் படித்தது. சோவெத்பெக் தப்பினார். இயக்குநருக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பு. ஓய்வு வயதைத் தாண்டியும் எத்தனையோ பேரை வைத்துக்கொள்ளும் இந்த நிலையம், உங்களுக்கு மட்டும் அந்த வயது எட்டிய அன்றே வாசலைக் காட்டியது. வெட்கம்!

அந்தச் சோவெத்பெக்தான் இந்த மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார். குரல் நடுங்கினால் பொறுத்தருள்க. பயத்தால் இல்லை, அக்கா.

நாளை உங்கள் ஸ்கிரிப்டை நாங்கள் நீக்க வேண்டும் என்பது இயக்குநரின் அடுத்த உத்தரவு. நீக்க மாட்டோம். எங்களில் ஒருவர்கூட அதற்காக விசைப்பலகையைத் தொட மாட்டார்.

நாங்கள் போர்த்திய சாப்பான் அங்கி உங்கள் தோளைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும்! நோயும் நொடியும் உங்கள் தெருவுக்கே வழி மறக்கட்டும்! உள்ளங்கைகளை விரித்து, முகத்தில் தடவி, எல்லோரும் சொல்கிறோம்: ஓமின்!

கடைசியாக ஒன்று. இந்த மடல், ஓரெழுத்தும் குறையாமல், இன்று காலை உங்கள் ஸ்கிரிப்ட் வழியாகப் பதிவில் ஏறிவிட்டது. இதை மட்டும் அழிக்க வழியில்லை. பதிவு முழுவதையும் அழிக்க வேண்டும். விருப்பமுள்ளவர் தாராளமாக அழிக்கலாம். அழித்தவர் பெயரைத்தான் புதிய பதிவின் முதல் வரியாகச் சர்வர் தானே எழுதும்.

இப்படிக்கு,
சொன்னவர்கள்: எல்லா ஷிப்டு ஊழியர்களும்
தட்டியவர்: சோவெத்பெக். இந்த முறை மறக்கவில்லை.