இடது கையில் போட்ட ஊசி

எனது பெயர் காளீஸ்வரன், வயது 34, த/பெ தங்கச்சாமி. எம். புதுப்பட்டி கிழக்குத் தெருவில் குடியிருந்து பட்டாசு வேலை செய்து வருகிறேன். இறந்துபோன செல்வலட்சுமி, வயது 29, என் மனைவி.

கடந்த 12.09.2006 காலை சுமார் 10.30 மணிக்கு, லைசென்ஸ் இல்லாத தகரச் செட்டில் அவள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது தீப்பற்றி, வயிறும் இரண்டு தொடைகளும் வெந்துவிட்டன. வெளியே வெடி காயவைத்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அதன்பிறகு போர்மேன் கருத்தப்பாண்டி கம்பெனி வேனில் எங்களைச் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த டாக்டர் வலிக்கு அவள் இடது கையில் ஊசி போட்டு, பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னவர், செய்த வைத்தியத்தைச் சீட்டில் எழுதினால் போலீசுக்கும் எழுதியாக வேண்டும், எழுதவா என்று கேட்டார். போர்மேன் வேண்டாம் என்றார். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். நான் அவளைத் தூக்கி வேனில் ஏற்றினேன்.

அதன்பிறகு வேன் விருதுநகர் வழியாகப் போனது. என் மனைவி, "காந்தல் கொறஞ்சிருக்கு மாமா, புள்ளைய பள்ளிக்கூடத்துல இருந்து யாரு கூப்பிடுவா?" என்று கேட்டாள். சூலக்கரை தாண்டியதும் கருத்தப்பாண்டி, "ஸ்டவ் வெடிச்சதுன்னு சொல்லுலே. சிவகாசி ஆஸ்பத்திரி பேரு வெளிய வந்தா சீசன்ல கம்பெனிய சீல் வச்சிருவாக, நீயும்தான் உள்ள போவ" என்றார். நான் பயந்துவிட்டேன். பிளாஸ்திரியை உரித்து வெளியே எறிந்தது நான்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அவள் அலறினாள். டியூட்டி டாக்டர் இரண்டு தடவை கேட்டார், ஏற்கனவே ஊசி ஏதும் போட்டிருக்கா என்று.

"இல்லைங்கய்யா, வீட்டுல இருந்து நேரா வாறோம்" என்றேன்.

அதன்பிறகு அவரும் வலிக்கு ஊசி போட்டார். அவள் அலறல் அடங்கியது. தூங்குகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சிறிது நேரத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிற்பகல் 3.10 மணிக்கு நின்றுவிட்டது. ஒரே மருந்து இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

போலீஸ் கேஸாக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் செய்த வைத்தியத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா இன்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து ஊசி போட்டார்கள் என்று சொல்ல எனக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. டாக்டரிடம் சொன்னது பொய். இங்கே சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
த. காளீஸ்வரன்