காலில் சக்கரம்

தேநீர் நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல தேநீரை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாவிட்டால் இந்த நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கால் குறுகுறுக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நோலீன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மாவே வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள்.

என் கணவர் டெஸ் அதற்கு நேர் எதிர். தெற்கே எங்கள் ஊரான பாலராட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் மரவேலை வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் மண்டைக்குள் அந்த மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை என்றால் ஆட்டு சாப்ஸ், வெள்ளிக்கிழமை என்றால் மீன். நான் வீட்டில் அடிக்கடி சோபாவை இடம் மாற்றுவேன். அவர் பழைய வழியிலேயே நடந்து போய் முழங்காலை இடித்துக்கொள்வார். ஒரு தடவைகூடத் திட்டியதில்லை.

"பரவால்ல கிழவி, நம்ம சோபாவும் நாலு இடம் பாக்கட்டும்" என்று சிரிப்பார். பிறகு நான் கடைக்குப் போன சமயத்தில் அதைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிடுவார். நல்ல மனிதர். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பயணம் என்னுடைய யோசனை. காருக்குப் பின்னால் கேரவனைக் கட்டிக்கொண்டு நாட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி வருவது. எங்கள் வயதில் பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள். கிழக்குக் கரையோரமாக மேலே ஏறி, வடக்கு முனையைத் தொட்டு, மேற்கே இறங்க வேண்டும். டெஸ் உடனே சரி என்றார். கேரவனுக்குள் இருக்கும் அலமாரிகளையெல்லாம் தன் கையாலேயே செய்தார். அதில் ஒரு கதவுகூட இன்று வரை கிறீச்சிட்டதில்லை.

நான் ஒரே ஒரு விதிதான் வைத்தேன். எந்த ஊரிலும் ஒரு ராத்திரிக்கு மேல் கிடையாது. காலையில் கிளம்பு, அடுத்த கடற்கரை. அங்கே ஒரு தீவு இருந்தால் படகில் போய்ப் பார்த்துவிட்டு வா, மறுநாள் மறுபடி கிளம்பு. பக்கத்து வண்டிக்காரரின் நாய்க்கு என்ன பேர் என்று டெஸ் தெரிந்துகொள்வதற்குள் நான் கேரவனுக்கு முட்டுக்கொடுக்கும் கால்களை மடக்கியிருப்பேன்.

"இன்னொரு நாள் இருக்கலாமே நோல். இப்பதான் நாற்காலியவே விரிச்சேன்."

"விரிச்ச நாற்காலிய மடக்கத் தெரியாதா? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நாற்காலி செய்யச் சொல்லிக்குடுத்த ஆளுதானே நீ?"

மடக்கிவிடுவார். முணுமுணுக்கக்கூட மாட்டார்.

டவுன்ஸ்வில் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பாலராட்டில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வீடு சொல்லி வைத்துவிட்டாராம். நான் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் போனிலேயே பேசி முடித்துவிட்டார்.

"சுத்துனது போதும் நோல். மேக்கால போனா மட்டும் என்ன, இதே கடலத்தான் வேற பக்கத்துல நின்னு பாக்கப்போறோம். அங்க டாக்டர் வாசல்லயே இருக்காரு. தோட்டம் இருக்கு. சாயங்காலமானா எல்லாருக்கும் ஒண்ணா சாப்பாட்டு மணி அடிப்பாங்க."

மணி என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? சிப்ஸின் மேல் இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றிக்கொண்டேன்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று சற்று முன் கேட்டீர்கள். உங்களுக்குச் சின்ன வயது, அப்படித்தான் தோன்றும். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் டெஸ் உடைந்து போயிருப்பார். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்துக்குப் போன் செய்து, "சாப்ட்டியா நோல்?" என்று கேட்டிருப்பார். இத்தனை வருஷம் கூட இருந்த மனிதரை அப்படி அழ வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஊர் கார்ட்வெல். அங்கிருந்து ஹின்சின்புரூக் தீவுக்குப் படகில் போனோம். படகை ஓட்டியவள் ரோண்டா என்று ஒருத்தி, வாய் ஓயாதவள். அவளிடம் நீங்கள் ஏற்கனவே பேசிவிட்டீர்கள் என்று தெரியும். தீவின் ஓரத்தில், அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கழிமுகத்தில் படகை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"கேட்டுக்குங்க செல்லங்களா. முதலை முட்டாளும் இல்ல, அதுக்கு அவசரமும் இல்ல. மொத நாள் நீங்க தண்ணி ஓரமா வந்தா சும்மா பாக்கும். ரெண்டாம் நாளும் அதே எடம், அதே நேரம் வந்தீங்கன்னா ஞாபகம் வச்சுக்கும். மூணாம் நாள் உங்களுக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கும். என் ரெண்டாவது புருஷன் பப் வாசல்ல நிப்பான் பாருங்க, அது மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று டெஸ்ஸும் சிரித்தார். உப்புத் தண்ணீர் தெறிக்கும் என்று காது மெஷின் இரண்டையும் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். என் பக்கம் குனிந்து, "என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"அவ ரெண்டாவது புருஷன் பெரிய குடிகாரனாம்" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

படகு திரும்பி வரும்போது எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. டெஸ் தினமும் காலையில் தேநீர் குடித்து முடித்ததும், தேநீர்ப் பானையையும் வறுசட்டியையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போவார். இலையைக் கொட்டி, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார். கேரவன் தொட்டியில் இருக்கும் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான் என்பது அவருடைய சட்டம். நேரம் பிசகவே பிசகாது. இடம்தான் தினமும் மாறிக்கொண்டிருந்தது. என்னால்தான் மாறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவர் உயிரோடு இருப்பதே நான் ஓரிடத்தில் தங்காதவள் என்பதால்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கு ஒரு நன்றிகூட யாரும் சொன்னதில்லை.

வடக்கே போய் ஓர் ஆற்று முகத்தில் வண்டியை நிறுத்தினோம். கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது. தள்ளி இன்னொரு கேரவன் மட்டும் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் அந்த மஞ்சள் நிற முதலை எச்சரிக்கைப் பலகை. டெஸ் இறங்கியதும் முதல் வேலையாக அதன் மேல் பாத்திரம் துடைக்கும் துணியைக் காயப் போட்டார்.

"எங்க பாத்தாலும் இதே போர்டுதான். கணுக்கால் நனையறதுக்கெல்லாம் பயந்தா முதலையே இல்லாத டாஸ்மேனியாவுக்குத்தான் போயிருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் சொன்னேன்: "இங்கயே கொஞ்ச நாள் இருக்கலாமா டெஸ்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"யாரு, நீயா? காச்சல் கீச்சல் இல்லையே?"

"இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலிகளை விரித்தார், பாயை விரித்தார், வெய்யிலுக்குத் துணிப்பந்தல் கட்டினார். பக்கத்து வண்டிக்காரரின் நாயிடம் போய் அதன் பேரையும் தெரிந்துகொண்டு வந்தார். பிஸ்கட் என்று பேராம். "நம்ம வாழ்க்கையிலேயே இதுதான் நோல் நல்ல நாளு" என்றார். அதுதான் எனக்கு ஆறுதல். அவர் கடைசி நாட்கள் மிகவும் சந்தோஷமான நாட்கள். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

நான் செய்தது அதிகம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் டெஸ் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது, அவர் பாத்திரம் கழுவும் அதே இடத்தில் மீன் தலையும் குடலும் கொட்டினேன். அவர் தூண்டிலில் மீன் மாட்டாத நாளில் ஊருக்குள் போய் மீன் கடையில் கேட்டு வாங்கி வந்தேன். நண்டுப் பொறிக்கு வேண்டும் என்று சொன்னேன். எங்கள் நண்டுப் பொறி கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அது என் கவனக்குறைவு. அப்புறம் ஒரு காலையில், அவர் எழுந்திருக்கும் முன் போய்ப் பார்த்தபோது, கரைச் சேற்றில் ஏதோ பெரிய வயிறு வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கிய தடம் இருந்தது. கேரவன் துடைப்பத்தால் அதைப் பெருக்கிவிட்டேன்.

பிறகு பக்கத்து வண்டிக்காரரிடம் போய் நாயைக் கட்டிப் போடச் சொன்னேன். அவர் அதை உங்களிடம் சொல்லியிருக்கிறார். என்னை மாட்டிவிட்டது அதுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நான் வருத்தப்படவில்லை. வாயில்லாப் பிராணி, அதற்கு என்ன தெரியும்?

அந்த நாட்கள் எனக்கு எப்படி இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. தூக்கமே இல்லை. கார் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேரவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், சார்ஜென்ட். கடைசி நாள் காலையில்கூட, தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"கிளம்பலாமா டெஸ்? வண்டியக் கட்டிக்கிட்டு அப்படியே மேக்கால போயிடலாம். வர்றியா?"

"எதுக்கு? இங்கேருந்து கிளம்பினா நேரா நம்ம வீடுதான். அதுவரைக்கும் என்னை அசைக்காத கிழவி."

சரி என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பேன். அவர்தான் மாட்டேன் என்றார்.

பானையையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி இறங்கிப் போனார். நான் கேரவனுக்குள் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன். விசில் நடுவில் நின்றது. தண்ணீரில் ஒரு சத்தம், கனமான கதவைச் சாத்துவது போல. அவ்வளவுதான். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகியிருக்கும். இரண்டு பேருக்கு வாட்டியதை வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டுவிட்டு, பிறகு போய்ப் பக்கத்து வண்டிக் கதவைத் தட்டினேன்.

ஆமாம். டெஸ்ஸைக் கொன்றது நான்தான். முதலை இல்லை. டிவிக்காரர்கள் வந்தபோதுகூட அதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னேன்: அந்த முதலையை ஒன்றும் செய்யாதீர்கள், அது தன் இடத்தில் தன் பாட்டுக்கு இருந்தது, டெஸ் இருந்தால் அவரும் இதையேதான் சொல்வார் என்று. யாரும் கேட்கவில்லை. சுட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அதற்குப் பிறகு நான் நிற்கவே இல்லை. நீங்கள் நம்பவில்லை, முகத்திலேயே தெரிகிறது. ஆனால் அதுதான் உண்மை. வண்டியைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். எந்த மணியும் இல்லை, இன்னொரு நாள் இருக்கலாமே என்று கேட்க ஆளும் இல்லை. போகிற வழியில்தான் உங்களுடைய இந்த விரிகுடாவில் ஒரு ராத்திரிக்கு நிறுத்தினேன்.

நீங்கள் என்னைத் துரத்தியிருந்தால் பிடித்திருக்க முடியாது. ஆனால் நீங்கள் துரத்தவில்லை. இன்று காலை தேநீர் குடித்துவிட்டு, டெஸ்ஸின் பானையை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி வந்தேன். தொட்டித் தண்ணீரை வீணாக்கக் கூடாது இல்லையா? எனக்கு முன்னாடியே நீங்கள் அந்தப் பாறை மேல் வந்து உட்கார்ந்திருந்தீர்கள். அசையவே இல்லை.

"தினமும் இந்த நேரந்தான் வருவீங்க, இல்லையா?" என்று கேட்டீர்கள்.

தினமுமா? நேற்றுத்தானே வந்தேன் என்றேன். நீங்கள் என் கேரவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். புல் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அடுக்கடுக்காக, கல் மாதிரி இறுகிப் போன கூடு. ஒரு பக்கம் குஞ்சுகள் துளைத்துக்கொண்டு பறந்து போன ஓட்டைகள்கூட இருந்தன.

இந்தப் பக்கத்து மழைக்குப் புல் ஒரே ராத்திரியில் வளரும், சார்ஜென்ட். குளவிகளும் அப்படித்தான், வெகு சுறுசுறுப்பு. அதைப் போய்ப் பெரிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுத் தருகிறேன். இருட்டுவதற்குள் நான் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்கினால் எனக்குத் தூக்கம் வராது.