சந்தனம் பூசிய கன்னம்

செம்மல்: போட்டோவுல இம்புட்டு லட்சணமா இருக்குற பொண்ணப் போயி சூனியக்காரியா மாத்தச் சொல்றீங்களேக்கா... யாரு இது?

ராசாத்தி: எங்க... எங்க சித்தி மக. பிள்ளைக்குக் கதை சொல்லிக் காட்டத்தான். நீங்க வேலையப் பாருங்க தம்பி.

செம்மல்: பாக்குறேன், பாக்குறேன். இந்த ஸ்டுடியோவுக்கு வர்றவுக எல்லாம் கலர ஏத்து, பருவ எடுன்னுதான் உசுர வாங்குவாக. நீங்கதான் அதிசயமா... சரி, மூக்க வளைச்சு விட்ருவோமா?

ராசாத்தி: மூக்கத் தொடாதீங்க. மூக்குக்கு ஒண்ணும் ஆகல.

செம்மல்: ஆகலையா?

ராசாத்தி: இல்ல... கதையில. கதையில மூக்கு நல்லாத்தான் இருக்கும்.

செம்மல்: அப்ப கோரப்பல்லு? கொம்பு?

ராசாத்தி: ஒண்ணும் வேணாம். இந்தா, சந்தனம் பூசியிருக்குல்ல... அந்தக் கன்னம் பூரா சுருங்கிப் போகணும்.

செம்மல்: வளைகாப்புச் சந்தனம்க்கா அது...

ராசாத்தி: தெரியும். அதுக்கு மேலயே போடுங்க.

செம்மல்: ...இப்ப?

ராசாத்தி: என்ன தம்பி, வழவழன்னு ஆக்கி வச்சிருக்கீங்க?

செம்மல்: ஐயய்யோ, கைப்பழக்கம்க்கா! மூஞ்சியப் பாத்தா கை தன்னால மெழுகிருது. இருங்க... இப்பப் பாருங்க.

ராசாத்தி: கண்ணு இன்னும் கீழ எறங்கணும். புருவம் இருக்காது. ஒதட்ட இங்கிட்டு இழுங்க... இன்னும். காது பாதிதான்.

செம்மல்: பச்சப்பிள்ள பயந்துரும்க்கா. என்ன வயசு?

ராசாத்தி: நாலு. எங்க நாத்தனாகிட்ட, வல்லத்திராக்கோட்டையில இருக்கா. வீடியோ கால்ல வாம்மா, வாம்மான்னு தெனமும் ஒரே அழுகை. நான் கொரல் மட்டுந்தான் குடுக்குறேன்... ஏன் தம்பி, கைய நிறுத்திட்டீங்க?

செம்மல்: அந்தத் துப்பட்டாவ மூஞ்சியிலருந்து எடுங்கக்கா. பாத்துப் போட்டாத்தான் சரியா வரும்.

ராசாத்தி: ...எப்பத் தெரிஞ்சுச்சு?

செம்மல்: படத்தத் தொறந்தப்பவே. ஒங்க வளைகாப்புக்கு நாந்தானே வந்து எடுத்தேன்.

ராசாத்தி: அப்பறம் எதுக்கு யாருன்னு கேட்டீங்க?

செம்மல்: ஒங்க வீட்டுல அடுப்பு வெடிச்சதக் கேள்விப்பட்டேன்க்கா. எப்படி விசாரிக்கிறதுன்னு தெரியல. நீங்களா சொல்லுவீங்கன்னு...

ராசாத்தி: சொல்ல என்ன இருக்கு. இந்தா... நல்லாப் பாத்துக்கங்க. தலையத் திருப்பாதீங்க தம்பி. பாத்துப் போடுறேன்னு நீங்கதானே சொன்னீங்க.

செம்மல்: போட்டுர்றேன்க்கா... ஆனா இதக் காட்டுனா பாப்பா கத்தி அழுவாளே. அவளுக்குப் போயி இப்படி ஒரு படம் எதுக்கு?

ராசாத்தி: அழுகட்டும். கதையில வர்றவதான், ஒண்ணும் பண்ண மாட்டான்னு சொல்லிச் சொல்லி நாத்தனா காட்டுவா. அழுகுறத எல்லாம் இந்தப் படத்தப் பாத்தே அழுது தீத்துரட்டும் தம்பி... நான் அவளக் கூட்டியாரப் போறப்ப, என்னையப் பாத்து அழக் கூடாதுல்ல.