ஓய்விடத்தில் இறக்கிய காற்று

பெயர்: சுகிர்தன் ஹம்சிகா. வயது: 43. தொழில்: தனியார் கம்பனியில் கணக்காளர். முகவரி: வெள்ளவத்தை, காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி, மூன்றாம் மாடி. சமயம்: இந்து. நான் தமிழில் சொல்ல, பெண் கொன்ஸ்டபிள் எழுதிக்கொள்கிறார்.

விபத்து நடந்த காரை ஓடியவர் என் கணவர் இரத்தினசிங்கம் சுகிர்தன். இறந்தவர் அவருடைய தாயார், என் மாமியார், இரத்தினசிங்கம் சிவக்கொழுந்து. என் கணவரின் தம்பி நிமலரூபன் கனடாவிலிருந்து வந்திருந்தபடியால், மாமியின் நேர்த்திக்கடனுக்காக நாங்கள் நால்வரும் கதிர்காமம் போகப் புறப்பட்டோம்.

புறப்பட்ட அன்று காலையில் என் கணவர் வீட்டுக்குக் கிட்ட உள்ள பெற்றோல் செட்டில் நான்கு டயருக்கும் காற்று அடித்துவிட்டு வந்தார். காரின் கதவுச் சட்டத்தில் இரண்டு காற்று அளவுகள் ஒட்டியிருக்கின்றன. ஓரிருவர் போவதற்கு 33, ஆட்களும் பெட்டிகளும் நிறைந்திருந்தால் 38. அவர் 38 அடித்ததாக என்னிடம் சொன்னார். தூரப் பயணத்துக்கு முன் அவர் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

அதன் பின் அதிவேகப் பாதையில் ஏறி, இடையில் ஓய்விடத்தில் நிறுத்தினோம். என் கணவர் தேநீர் வாங்கப் போனார். மாமி முழங்கால் வலியால் இறங்கவில்லை. கார் தூக்கித் தூக்கிப் போடுகிறது, இடுப்பு நோகிறது என்று சொன்னார். அதன் பின் நிமலரூபன் தான் கனடாவிலிருந்து கொண்டுவந்த, காற்று அளவு பார்க்கும் கேஜை எடுத்து டயர்களைப் பார்த்தார். கதவுச் சட்டத்தைக் காட்டி, "அண்ணை கூட அடிச்சிருக்கிறார். இதில 33 எண்டெல்லோ போட்டிருக்கு," என்று சொல்லி நான்கிலும் காற்றை இறக்கினார். நான் பக்கத்தில் நிழலில் நின்றேன். பிறகு அவர் யன்னலுக்குள் குனிந்து, "இனி மெத்தெண்டு இருக்கும் அம்மா," என்றார். மாமி அவருடைய கன்னத்தைத் தடவினார்.

ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கக் கூடாது என்பது அன்று எனக்குத் தெரியாது. நிமலரூபனுக்கும் தெரிந்திருக்கவில்லை. என் கணவர் தேநீருடன் வந்தபோது இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அதன் பின் புறப்பட்டோம். கொஞ்சத் தூரம் போனதும் என் கணவர், "கார் பாரமா இழுக்குது," என்றார். "ஆக்கள் கூட அண்ணை," என்று நிமலரூபன் பதில் சொன்னார். அதன் பின் பின்பக்க வலது டயர் வெடித்தது. கார் சுழன்று, மாமி இருந்த பக்கம் இரும்புத் தடுப்பில் மோதி நின்றது. நான் மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். என் மடியில் அவருடைய கைப்பை இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்கும் வரை நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மாமி அன்றே இறந்தார். என் கணவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. டயர் காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறி வெடித்திருக்கிறது என்று மோட்டார் வாகனப் பரிசோதகர் சொன்னார். அது எப்படி என்று என் கணவர் என்னிடம் கேட்டார். ஓய்விடத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர், "அவனுக்குச் சொல்லாத. அம்மா வசதியா இருக்கட்டும் எண்டுதானே செய்தவன். கார் ஓடினது நான். நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார். நான் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

செத்தவீட்டில் நிமலரூபன் எல்லார் முன்னாலும், "ஒரு டயரைப் பாக்கத் தெரியாதே அண்ணை உங்களுக்கு? அம்மாவைச் சாகக் குடுத்திட்டியளே," என்று கேட்டார். என் கணவர் கட்டுப் போட்ட கையுடன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளைய மகன் என்றபடியால் தாய்க்குக் கொள்ளி வைத்தவர் நிமலரூபன். அன்றிலிருந்து சகோதரர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் கதைப்பதில்லை. சாப்பாட்டை நான் இரண்டு தரம் போடுகிறேன்.

அன்று காற்றுப் பார்க்க மறந்துவிட்டேன் என்று என் கணவர் பொலிஸாருக்குக் கொடுத்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது உண்மையல்ல. கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக அவர்மேல் வழக்கு வைத்தால் சிறைக்குப் போக நேரும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நிமலரூபன் கெட்ட எண்ணத்தில் செய்தாரா என்று கேட்கப்பட்டது. இல்லை. தான் செய்தது சரி என்றே இன்றும் நம்புகிறார். இன்று என்னை ஓட்டோவில் இங்கே கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். வெளியே வாங்கில் இருக்கிறார்.

நாளை மாமியின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். கிரியை செய்ய வேண்டியவர் அவர். அது முடியும் வரை அவரை விசாரிக்க வேண்டாம் என்று கேட்டேன். அப்படி உறுதி தர முடியாது என்று பொறுப்பதிகாரி சொன்னார். ஆகையால் இந்த அறையை விட்டுப் போனதும் நானே நிமலரூபனுக்கு இதைச் சொல்வேன்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது. அனைத்தும் உண்மை. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) சு. ஹம்சிகா